ஒரு படத்தில் இரண்டு வெயில்

அத்தியாயம் 6

பிள்ளையின் கண்களை மட்டும் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். சிரிப்பை அப்படியே விட்டிருந்தார்கள்.

படத்தில் இரண்டு பேர். ஒருவர் பத்திரிகையாளர் கருத்தக்கண்ணன். மதுரைப் பக்கம் அவர் முகம் தெரியாதவர்கள் குறைவு. பேரையூருக்கு அந்தப்புறம் வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்குத் தண்ணீர் வரும்வரை விடாமல் எழுதியவர். ஆட்டோக்களின் முதுகில் அவர் படம் ஒட்டியிருக்கும். அவருக்குப் பக்கத்தில் பாவாடை சட்டையில், கையில் பொன்னாடையோடு பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவள் பெயரை இந்தக் கதை சொல்லாது. சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லக்கூடாது.

கருத்தக்கண்ணன் அந்தப் பிள்ளையிடம் தவறாக நடந்துகொண்டார் என்று அவள் தாய் அன்னக்கொடி போன வாரம் புகார் கொடுத்தாள். மறுநாளே வாட்ஸ்அப்பில் இந்தப் படம் கிளம்பிவிட்டது. அடியில் இரண்டே வரி: 'சம்பவம் நடந்ததாகச் சொல்கிறார்களே, அதற்கு ஒரு மாதம் கழித்து எடுத்த படம் இது. பயந்த பிள்ளை இப்படியா சிரிக்கும்?'

ஒரு செய்தி பல கைகள் மாறி வந்தால் அதன் தலையில் வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடும். இந்தப் படத்துக்கு அந்தக் குறி முதல் நாள் மதியமே விழுந்துவிட்டது.

நாளைக் காலை பிள்ளை மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். வரமாட்டோம் என்று அன்னக்கொடி சொல்லிவிட்டாள். அவர்களுக்காக வழக்கைப் பார்க்கும் வக்கீல் மீனா ஆனையூருக்கு ஓடிவந்து தமிழ்வாணியின் மேஜை முன்னால் உட்கார்ந்தது அதனால்தான்.

"முதல்ல இதை வெளிய விட்டது யாருன்னு பிடிச்சுக் குடுங்க. பிள்ளையோட அடையாளத்தை விட்டதே குத்தம். அந்த ஆளு மேல ஒரு வழக்குப் போட்டாத்தான் அந்தம்மாவுக்குத் தெம்பு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார் மீனா.

தமிழ்வாணி முன்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். இப்போது ஆனையூரில் இரண்டு அறை அலுவலகம், ஒரு ஸ்கூட்டர், ஒரு உதவியாளன். உதவியாளன் முத்திருளனிடம் கைப்பேசியை நீட்டினாள்.

"என்ன தெரியுது?"

"கருத்தக்கண்ணன் அண்ணே வெயிட் போட்டுட்டாரு."

"மேல் மூலையைப் பாரு."

முத்திருளன் விரித்துப் பார்த்தான். மூலையில் மஞ்சள் நிறத்தில் கொக்கி போல ஏதோ ஒன்று, பாதியில் வெட்டுப்பட்டு நின்றது.

"எழுத்தோட வாலு மாதிரி இருக்குக்கா."

"ஃபோட்டோ மேல யாரு இம்புட்டுப் பெரிய எழுத்து போடுவா?"

"கல்யாண ஆல்பத்துல போடுவாங்க. இல்லன்னா..." அவன் நிமிர்ந்தான். "ஃப்ளெக்ஸ்."

"அந்தத் தண்ணி வந்ததுக்குப் பாராட்டு விழா வச்சாங்கல்ல, அந்த விழா ஃப்ளெக்ஸ்ல இருந்து வெட்டுன துண்டு இது. ஆனா ஃப்ளெக்ஸைப் போய்ப் படம் பிடிச்சிருந்தா சுருக்கம் இருக்கும், கயிறு இழுத்த மடிப்பு இருக்கும். இது வழுவழுன்னு இருக்கு. அச்சுக்குப் போற ஃபைலு யாருகிட்ட இருந்துச்சோ, அவங்கதான் வெட்டி விட்டிருக்காங்க."

"கடைக்காரன், இல்லன்னா ஆர்டர் குடுத்தவன்."

"எந்தக் கடை?"

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மதுரையில் காதுகுத்துக்கும் ஃப்ளெக்ஸ் உண்டு, கண்ணீர் அஞ்சலிக்கும் உண்டு. எந்த ஃப்ளெக்ஸாக இருந்தாலும் கீழ் ஓரத்தில் எறும்பு ஊர்வது போலச் சின்ன எழுத்தில் கடையின் பெயரும் எண்ணும் இருக்கும். கடைக்காரருக்கு அதுதான் விளம்பரம். படத்தை வெட்டியவர் அந்த ஓரத்தையும் சேர்த்து வெட்டிவிட்டார். ஆகவே முழு ஃப்ளெக்ஸும் வேண்டும்.

"விழா முடிஞ்சு மாசக்கணக்காச்சே, குப்பைக்குப் போயிருக்கும்" என்றான் முத்திருளன்.

"நம்ம ஊர்ல எவனாவது ஃப்ளெக்ஸைக் குப்பையில போட்டுப் பாத்திருக்கியா?"

அவன் ஸ்கூட்டரை எடுத்தான்.

* * *

பேரையூர் தாண்டி, அந்தக் கண்மாய் ஊருக்குப் பிரியும் விலக்கில் ஒரு டீக்கடை. இருவரும் இறங்கினார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தவில்லை.

"அம்புட்டு நல்ல மனுசன். வெள்ளி முளைக்கும் முன்ன எந்திரிச்சுக் கரையில நடந்து பாத்து எழுதுனாருய்யா."

"எவனோ காசு குடுத்திருக்கான். பெத்தவ வாங்கிருப்பா."

"படத்தைப் பாத்தேல்ல மாப்ள? கொழுந்துப் புள்ள எம்புட்டுச் சந்தோசமா நிக்குது."

முத்திருளன் டீயைப் பாதியில் வைத்தான். "எனக்கும் அப்படித்தான்க்கா இருக்கு" என்றான் தாழ்ந்த குரலில். "அந்தாளு எழுதுனதைப் படிச்சு வளந்தவன் நானு. படத்தைப் பாத்ததும், அப்பாடான்னு இருந்துச்சு."

தமிழ்வாணிக்கும் அப்படித்தான் இருந்தது.

ஃப்ளெக்ஸ் ஊர்க்கோடியில் கிடைத்தது. ஒச்சாயி என்ற பெண்ணின் ஆட்டுக் கொட்டகைக்கு அதுதான் கூரை. அச்சடித்த பக்கம் உள்ளே இருக்க, வெளுத்த முதுகு வெயிலைப் பார்த்திருந்தது. வெள்ளைப் பக்கம் சூட்டைத் திருப்பி அனுப்பும், ஆட்டுக்குக் குளிர்ச்சி. இது இந்தப் பக்கத்தில் ஆடு வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

"விழா முடிஞ்சதும் நாந்தேன் கேட்டு வாங்கியாந்தேன் தாயி" என்றாள் ஒச்சாயி. "என்னத்துக்குத் தேடுறீக?"

"அந்தப் பிள்ளை விசயமா."

ஒச்சாயி தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நான் ஒண்ணுஞ் சொல்லல. அவரு எழுதித்தான் கண்மாயில தண்ணி. அவரைப் பத்தி ஒருத்தி வாயத் தொறந்தா, அவ கொடத்த எடுத்துக்கிட்டுப் போற எடத்துல எல்லாரும் மொகத்தத் திருப்புவாக. அன்னக்கொடி ஊர விட்டுப் போனது அதுக்குத்தேன். உள்ள போயிப் பாருங்க. கெடா முட்டும், சூதானம்."

முத்திருளன் குனிந்து நுழைந்தான். உள்ளிருந்து குரல் வந்தது. "அண்ணே தலைகீழாத் தொங்குறாருக்கா. ஆடு ஒண்ணும் மிரளல, பழகிருச்சு போல. கடைப் பேரு கெடச்சிருச்சு. ஜெயராணி டிஜிட்டல். நம்பரு பாதி புழுக்கையில மறைஞ்சிருக்கு, தொடைக்கணுமா?"

"தொடை."

தமிழ்வாணியும் தவழ்ந்து உள்ளே போனாள். தலைக்கு மேல் முறம் அகலத்தில் அந்தப் பிள்ளையின் முகம். இங்கே கண்ணில் பட்டை இல்லை. தமிழ்வாணி டார்ச் அடித்து, கழுத்தை வளைத்து, கிடாவோடு தோள் உரசப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் நிழல் மறுபக்கம் விழும். மூக்கு இருக்கிறதே, அது முகத்தின் நடுவில் நட்ட கம்பு. வெயில் எங்கிருந்து வருகிறது என்று அதன் நிழல் சொல்லிவிடும். கருத்தக்கண்ணனின் மூக்கு நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது. மைக் கம்பியின் நிழலும் இடப்பக்கம். பொன்னாடை பிடித்த அந்தப் பிள்ளையின் விரல்களின் நிழலும் இடப்பக்கம்.

பிள்ளையின் மூக்கு நிழல் மட்டும் வலப்பக்கம்.

"முத்திருளா, மதுரையில எத்தனை சூரியன்?"

"சித்திர மாசத்துல ஆளுக்கு ஒண்ணுக்கா."

"இதுல ரெண்டு இருக்கு. ஒண்ணு மேடைக்கு. இன்னொண்ணு இவ முகத்துக்கு மட்டும்."

அவன் பார்த்தான். மறுபடி பார்த்தான். தாடைக்கு அடியில் கழுத்தும் முகமும் சேரும் இடத்தில் நூல் போல ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே ஒரு நிறம், மேலே இன்னொரு நிறம்.

* * *

ஜெயராணி டிஜிட்டல், நகருக்குள் ஒரு மாடியில் இருந்தது. டிசைனர் இம்மானுவேல் பேச்சுப் பிரியன். என்ன வேலை என்று முழுவதும் கேட்பதற்குள்ளேயே தொழிலை விளக்க ஆரம்பித்துவிட்டான்.

"தலை செட்டிங்னு சொல்லுவோம்க்கா. குரூப் ஃபோட்டோவுல ஒருத்தரு கண்ண மூடிருப்பாரு, வேற படத்துல இருந்து தலையெடுத்து வைப்போம். செத்தவருக்குக் கோட்டு மாட்டி விடுவோம். கலரை ரெண்டு சுத்து ஏத்தி விடுவோம். ஏத்தலன்னா, 'என்னடா எங்கப்பன இம்புட்டுக் கறுப்பாப் போட்டிருக்க'ன்னு சண்டைக்கு வருவாக."

தமிழ்வாணி விழா ஃப்ளெக்ஸின் பெயரைச் சொன்னாள். அவன் தேடி எடுத்தான். திரையில் அது விரிந்தது.

கணினியில் ஃப்ளெக்ஸ் ஒரே படமாக இருப்பதில்லை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல இருக்கும். ஒரு தாளில் எழுத்து, ஒன்றில் பூ, ஒன்றில் ஆள். எந்தத் தாளை வேண்டுமானாலும் மறைக்கலாம். அடியில் இருப்பது தெரியும். அச்சான பிறகுதான் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே உண்மை மாதிரி ஆகிவிடும்.

"அந்தப் பிள்ளையோட முகத்தை மட்டும் மறைச்சுக் காட்டுறீங்களா?"

இம்மானுவேல் ஒரு பொத்தானை அழுத்தினான். சிரித்த முகம் போய்விட்டது. அடியில் இன்னொரு முகம் இருந்தது.

பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை. உதடுகள் உள்ளே மடிந்திருந்தன. அவள் தோளில் கருத்தக்கண்ணனின் கை இருந்தது. அந்தத் தோள் மட்டும் கீழே இறங்கி, கைக்கு அடியிலிருந்து நழுவப் பார்த்தது.

அச்சு இயந்திரம் பக்கத்து அறையில் யாருடைய பிறந்தநாளையோ அடித்துக்கொண்டிருந்தது.

"மாத்தச் சொன்னது யாரு?" என்றாள் தமிழ்வாணி.

"சோலை சாரு. கே.கே. நகர். கருத்தக்கண்ணன் சாரோட வாசகர் வட்டச் செயலாளர்." இம்மானுவேலின் குரல் இறங்கியிருந்தது. "பிள்ளை உம்முனு இருக்கு, விழாவுக்கு நல்லாருக்காதுன்னாரு. அவரே ஒரு ஃபோட்டோவும் அனுப்புனாரு. வட்டத்துல இருந்து போன வருசம் கட்டுரைப் போட்டி வச்சாங்களாம், அதுல இந்தப் பிள்ளை பரிசு வாங்குனப்ப எடுத்த படம். ஸ்கூல் மைதானத்துல எடுத்தது. நான் அதுல இருந்து தலைய எடுத்தேன். முடிச்ச ஃபைலை அவருக்கு மட்டுந்தான் அனுப்புனேன்."

தமிழ்வாணி முத்திருளனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவனிடம் நகைச்சுவை எதுவும் இல்லை.

"அப்ப அந்தச் சிரிப்பு அவளோடதுதான்" என்றான். "போன வருசத்துச் சிரிப்பு."

ஃபைலை அழிக்கக்கூடாது, யாருக்கும் காட்டக்கூடாது, போலீஸ் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று மூன்று முறை சொல்லிவிட்டு இருவரும் படி இறங்கினார்கள்.

* * *

கே.கே. நகர் வீட்டின் மொட்டைமாடியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கருத்தக்கண்ணனுக்கு ஆதரவாகத் தீர்மானம் போட வாசகர் வட்டம் கூடும் மாலை அது. ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். கீழே கூடத்தில் சோலை இவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஓய்வு பெற்ற பொறியாளர், மெல்லப் பேசுபவர்.

"படத்தை நான்தாம்மா போட்டேன். ஒளிக்கல. எங்க வட்டக் குழுவுல மட்டுந்தான் போட்டேன். கண்ணை மறைச்சுத்தான் போட்டேன். சட்டம் எனக்கும் தெரியும்."

"கண்ணை மறைச்சீங்க. பாவாடை, சட்டை, மேடை, எல்லாம் இருக்கே சார். அந்த ஊர்ல யாருக்குத் தெரியாது?"

"ஒரு மனுசன் மேல அபாண்டமாப் பழி வரும்போது..." அவர் குரல் உயர்ந்து, தானாகவே அடங்கியது. "அந்தச் சிரிப்பை நாலு பேரு பாக்கட்டும்னு நெனச்சேன்."

"அந்தச் சிரிப்பு எங்கருந்து வந்துச்சு சார்?"

சோலை தலையைத் திருப்பி எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே அந்த விழாப் படத்தின் சின்ன அச்சு, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வெகுநேரம் பார்த்தார். பொத்தான் அழுத்தாமலே அவருக்கு அடியில் இருந்த முகம் தெரிய ஆரம்பித்ததை, உட்கார்ந்த இடத்திலிருந்தே தமிழ்வாணியால் காண முடிந்தது.

"நானேதான் மாத்தச் சொன்னேன்" என்றார். "தினம் காப்பி குடிக்கையில இதைப் பாப்பேன். பாத்துப் பாத்து, அவ சிரிச்சான்னே மனசுல நின்னுருச்சு. போன வாரம் இதோட ஃபைலைத் தேடி எடுத்து என் சம்சாரத்துக்கிட்ட, 'பாரு, பிள்ளை எப்படிச் சிரிக்குது'ன்னு காட்டுறேன். பொய் சொல்றேன்னு ஒரு துளிகூடத் தோணலம்மா."

"அன்னைக்கு ஃபோட்டோ வந்தப்ப, பிள்ளை ஏன் இப்படி நிக்குதுன்னு கேக்கத் தோணலையா?" என்று கேட்டது முத்திருளன்.

"படம் கெட்டுப் போச்சேன்னுதான் தோணுச்சு தம்பி."

மாடியிலிருந்து யாரோ, "சார், ஆரம்பிக்கலாமா?" என்று கூப்பிட்டார்கள். சோலை எழுந்தார். "மாத்துறதுக்கு முந்தின அந்த விழாப் படம் என் ஃபோன்ல இருக்கு. எல்லாருக்கும் காட்டிர்றேன்."

"காட்டக்கூடாது" என்றாள் தமிழ்வாணி. "ஒரு தடவை அவ முகத்தை ஊருக்குக் காட்டுனது போதும். வாயால சொல்லுங்க. இன்னொண்ணு சார். அவ சிரிக்கலங்கறதால அவரு குத்தவாளின்னு ஆயிராது. அதைக் கோர்ட்டு பாக்கட்டும். சிரிச்சதால குத்தமத்தவருன்னும் ஆகாதுன்னு சொல்லுங்க. அதுதான் நீங்க சொல்ல வேண்டியது."

படத்தைக் காட்டுவது எளிது. வெறும் சொல்லை நம்பவைப்பது கடினம். சோலை மாடியில் நின்று எழுதி வைத்திருந்த தீர்மானத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னார். கடைசி வரிசையில் ஒருவர், "அப்ப நாம அனுப்புனதெல்லாம்?" என்று கேட்டார்.

அதன் பிறகு நடந்ததைத் தமிழ்வாணி நெடுநாள் மறக்கவில்லை. ஒவ்வொருவராகக் கைப்பேசியை எடுத்தார்கள். தலைகள் குனிந்தன. அனுப்பிய செய்தியை எல்லாருடைய கைப்பேசியிலிருந்தும் அழிக்க வாட்ஸ்அப்பில் ஒரு வசதி உண்டு; அனுப்பி இரண்டு மூன்று நாள் கடந்துவிட்டால் அது வேலை செய்யாது. பிறகு அழித்தால் அழித்தவர் கைப்பேசியில் மட்டும்தான் மறையும், வாங்கியவரிடம் அப்படியே இருக்கும். அது தெரியாத ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "எனக்கு அந்தப் பொத்தானே வரலையே, உங்களுக்கு வருதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படியிறங்கினார்கள். கொண்டுவந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"காலையில நானே ஸ்டேசனுக்குப் போறேன்" என்றார் சோலை. "என் மேல வழக்கு வரும்ல?"

"வரும்."

"வரட்டும்."

* * *

அன்னக்கொடியும் பிள்ளையும் தங்கியிருந்தது ஆனையூரிலேயே ஒரு சின்ன வாடகை வீட்டில். தமிழ்வாணி வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். ஆட்டுக் கொட்டகை, இரண்டு வெயில், கண்ணாடித் தாள்கள், பள்ளிக்கூடத்துப் பழைய சிரிப்பு. சொல்லச் சொல்ல அவளுக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு நாளில் கண்டுபிடித்த காரியம்.

அன்னக்கொடி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஆச்சரியப்படவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது.

"அவ அன்னைக்கே சொன்னா" என்றாள்.

"என்னது?"

"போன்ல படம் வந்த அன்னைக்கு. 'நான் அன்னைக்குச் சிரிக்கவே இல்லம்மா'ன்னு சொன்னா. நான் படத்தக் காட்டி, 'அப்ப இது யாருடி'ன்னு கன்னத்துல ஒண்ணு விட்டேன். மறுபடியும் சிரிக்கலன்னா. மறுபடியும் விட்டேன்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் அவ ஒண்ணும் பேசல. அதான் நாளைக்கு வரலன்னு வக்கீலம்மாட்டச் சொன்னேன். பேசாத புள்ளைய எங்க கூட்டிட்டுப் போக?"

தமிழ்வாணிக்கு உள்ளே இருந்த பெருமை எங்கே போனது என்று தெரியவில்லை. பேரையூர் வரை போயிருக்க வேண்டாம். ஆட்டுக் கொட்டகைக்குள் தவழ்ந்திருக்க வேண்டாம். இந்த வாசலுக்கு வந்து அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவளுக்கும் அது தோன்றவில்லை.

அன்னக்கொடி உள்ளே போனாள். மெல்லிய குரல் ஒன்று கேட்டது, தாயுடையது. அதற்குப் பிறகு இன்னொன்று, அதைவிட மெல்லியது. முத்திருளன் தெருவைப் பார்த்து நின்றான்.

அவள் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"நாளைக்கு வாரோம்."

"நல்லதுமா."

"ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்றா." அன்னக்கொடி தரையைப் பார்த்துச் சொன்னாள். "'அங்கயும் ஃபோட்டோவக் காட்டித்தான் கேப்பாங்களா, இல்ல நான் சொல்றதக் கேப்பாங்களா'ங்குறா."

"அவ சொல்றதத்தான் கேப்பாங்கன்னு சொல்லுங்க" என்றாள் தமிழ்வாணி. சொல்லும்போது அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.